ஜி. எச். ஹார்டி

இராமாநுஜன் என்னும் பெயரைச் சொல்லும் தமிழர் நாவில் அடுத்து எழுவது ஹார்டி என்னும் பெயரே. சென்னைத் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாயிருந்த ஓர் இளைஞரின் கடிதத்தைப் புறக்கணியாது படித்து, அதனுள் மறைந்திருந்த மேதையைக் கண்டு, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்டவர் என்ற அளவில் அவரை நம் நாட்டுப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் நம் கலாசாலையின் கணித வகுப்பிலிருந்து சில அடி நடந்து ஜீவநூல் சோதனைச்சாலைக்குள் நுழைவோமாயின், அங்கும் அப்பெயர் வழங்குவதைக் கேட்கலாம். ஹார்டி-வைன்பெர்க் விதி என்பது பரம்பரை நூல் பயிலும் மாணவர் முதலிற் கற்கும் பாடங்களுள் ஒன்று. அந்த ஹார்டியும் இந்த ஹார்டியும் ஒருவரே என்பதை அறியாத மாணவர் பலருளர். நாமும் ஒரு காலத்தில் அவ்வறியாமையில் பங்குகொண்டிருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. தம் வேலை யாதும் உலகத்துக்கு உபயோகப்படாது என்று பெருமை பாராட்டிய இப்பெரியார், வைத்தியருக்கும் உழவருக்கும் பயன்படும் ஒரு கணக்கைத் தம்மையறியாமலே வழங்கிச் சென்ற வரலாற்றை ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

காட்ஃப்ரே ஹெரால்டு ஹார்டி இங்கிலாந்தில் சர்ரே மாகாணத்தைச் சேர்ந்த கிரான்லி என்னும் ஊரில் 1877-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 7-ந் தேதி பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் பொக்கிஷதாரராகவும் சித்திர ஆசிரியராகவும் இருந்தவர். தாயார் லிங்கன் நகரத்து ஆசிரியைப் பயிற்சிக் கலாசாலையில் பணியாற்றியவர். இருவரும் கணிதத்தில் இயல்பாகவே நாட்டமுடையவர்கள். எனினும் பொருளின்மையால் சர்வகலாசாலையின் வாயிலை மிதிக்காதவர்கள். தமக்குக் கிட்டாததைத் தம் மக்களுக்குக் கிட்டச் செய்வதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பேசத் தொடங்கிய பருவத்திலேயே ஹார்டி இலக்கங்களை லட்சக்கணக்கில் எழுதுவாராம். ஆலயத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டால், பலகையில் எழுதியிருக்கும் கீதங்களின் எண்களைப் பகாக் கூறுகளாகப் பிரித்துப் பொழுது போக்குவாராம். கெர்ட்ரூட் என்னும் தங்கை ஒருத்தி அவருக்கிருந்தாள். சிறு வயதில் அண்ணன் அஜாக்கிரதையாக வீசிய கிரிக்கெட் மட்டை பட்டு அவள் ஒரு கண்ணை இழந்தாள். அதனால் அவர்களுக்கிடையே கசப்பு எதுவும் விளையவில்லை. இருவரும் மணம் செய்துகொள்ளாது இறுதிவரை ஒருவர்க்கொருவர் துணையாய் வாழ்ந்தனர்.

உபகாரச் சம்பளம் பெற்று வின்செஸ்டர் பள்ளியிற் பயின்ற ஹார்டி, 1896-ல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியை அடைந்தார். அக்கல்லூரியின் வாழ்க்கையை வருணிக்கும் ஒரு சாதாரண நாவலைச் சிறுவயதிற் படித்து, அங்கே ஆய்வாளர் பதவி பெற்று இரவு உணவுக்குப் பின் திராட்சை ரசமும் வாதுமையும் உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டதே தம்மைக் கணிதத்துக்கு இழுத்தது என்று அவர் பிற்காலத்திற் சொல்லிக்கொள்வதுண்டு. பெரியோர் பலருடைய வாழ்வுக்கு இத்தகைய அற்பக் காரணங்கள் அடிகோலியிருக்கின்றன போலும்! அந்நாளில் அங்கு நடைபெற்ற கணிதப் பரீட்சை, குதிரைப் பந்தயத்தைப் போன்றது. மாணவரைத் தனி ஆசிரியர்கள் ஓட்டிப் பழக்குவார்கள். முதலில் வருபவர் யார் என்று நாடே ஆவலுடன் நோக்கும். ஹார்டி அப்பரீட்சையை மனமார வெறுத்தார். 1898-ல் நான்காமவராகத் தேறினார். வெறுத்ததொரு போட்டியில் முதலிடம் கிட்டவில்லையே என்ற வருத்தமும் அவருக்கிருந்ததாம். லவ் என்னும் ஆசிரியர் காட்டிய வழியே ஜோர்டான் என்ற பிரெஞ்சுப் பேரறிஞரின் பகுப்பியல் நூலைப் படித்தபோதுதான் கணிதம் இன்னதென்று தாம் முதன்முதல் அறிந்ததாக அவர் எழுதியிருக்கின்றார். 1900-ல் டிரினிடியின் ஆய்வாளரானார். 1906-ல் விரிவுரையாளரானார். 1908-ல் தூய கணிதம் பற்றிய பாடநூலை வெளியிட்டார். இங்கிலாந்தில் கணிதம் கற்பிக்கும் முறையையே மாற்றிய அந்நூல் இன்றும் அச்சில் உள்ளது.

அந்த 1908-ம் வருஷத்தில்தான் நாம் கூறவந்த செய்தி நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கிரிகோர் மெண்டல் கண்ட உண்மைகள் 1866-ல் அச்சேறி, கவனிப்பாரற்றுக் கிடந்து, 1900-ல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் உயிரினிடத்து இரண்டு காரணிகள் உள்ளன. ஒன்று தந்தை வழி வந்தது. மற்றொன்று தாய் வழி வந்தது. இக்காரணிகளின் மாற்று வடிவங்களையே இக்கால நூல்கள் அல்லீல் என்கின்றன. இரண்டும் வேறுபட்டிருக்கும்போது, ஒன்று ஓங்கி மற்றொன்று ஒடுங்கி நிற்பதுண்டு. கலப்புச் செடிகளைத் தமக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் ஓங்கிய குணமுடையவை மூன்றுக்கு ஒடுங்கிய குணமுடையது ஒன்று என்ற விகிதத்தில் தோன்றும். இதுவே மெண்டலின் புகழ்பெற்ற மூன்றுக்கொன்று.

இக்கொள்கையைக் கேம்பிரிட்ஜில் பரப்பிவந்தவர்களுள் பன்னெட் என்பவர் ஒருவர். அவர் 1908-ம் வருஷத் தொடக்கத்தில் லண்டன் மாநகரில் வைத்தியர் சபை ஒன்றில் மெண்டல் கொள்கையையும் மனிதருடைய நோய்களையும் பற்றிப் பேசினார். விரற் குறுக்கம் என்னும் பிறவிக்குறை ஓங்கு காரணியால் வருவது என்பதும் அங்கே பேசப்பட்டது. அப்போது புள்ளியியல் வல்லுநரான யூல் என்பவர் ஓர் ஐயம் கிளப்பினார். அக்குறை ஓங்கியதாயின், தடை ஏதுமில்லாதபோது நாளடைவில் குறுவிரலுடையோர் மூவருக்கு நல்விரலுடையோர் ஒருவர் என்ற நிலை ஏற்பட வேண்டுமன்றோ என்பதே அது. ஆனால் நாட்டில் அத்தகையோர் மிகமிக அரியர். பன்னெட்டுக்குத் தகுந்த விடை தோன்றவில்லை. விடை சொல்லத் தெரியாத கேள்வியோடு ஊர் திரும்பும் பேச்சாளரின் மனநிலையை, நம் தமிழ்ச் சங்கத்திற் பேசிப் பழகிய மாணவர் நன்கறிவர்.

பன்னெட்டும் ஹார்டியும் நண்பர்கள். கிரிக்கெட் ஆட்டத்தில் இருவரும் கூட்டாளிகள். ஹார்டிக்குப் பரம்பரை நூலில் எள்ளளவும் சிரத்தை இல்லை என்பதைப் பன்னெட் அறிவார். ஆகவே கேள்வியை வெறும் கணக்காகவே அவர்முன் வைத்தார். ஹார்டி அது மிக எளிது என்று சொல்லி, சிறிது நேரத்தில் விடையை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த எளிய விடையை நம் மாணவரும் கைப்படச் செய்துபார்க்கலாம்.

ஒரு காரணியின் இரு வடிவங்களை அ, க என்று குறிப்போம். ஒவ்வொருவரிடமும் இரண்டு காரணிகள் உள்ளனவாதலின், மக்கள் அஅ, அக, கக என மூவகைப்படுவர். இவ்வமைப்பையே ஜீனாக்கம் என்பர். நூறு பேரைச் சோதித்தோம் என்றும், அவர்களுள் அஅ 50 பேர், அக 20 பேர், கக 30 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். நூறு பேரிடத்து மொத்தக் காரணிகள் 200. அஅ வகையினர் ஒவ்வொருவரும் இரண்டு அ வைத்திருப்பதால் 100. அக வகையினர் ஒவ்வொன்று வைத்திருப்பதால் 20. ஆக அ 120. அவ்வாறே க, 60-ம் 20-ம் சேர்ந்து 80. எனவே அ-வின் விகிதம் 0.6, க-வின் விகிதம் 0.4. சுருங்கச் சொன்னால், இரண்டும் ஒன்றாயிருக்கும் வகையின் விகிதத்தோடு கலப்பு வகையின் விகிதத்திற் பாதியைக் கூட்டினால் போதும். 0.50-ம் 0.10-ம் 0.60 ஆகும். மூவகையும் கண்ணுக்குப் புலப்படுமிடத்து இதற்கு மேற்பட்ட கணக்கு ஒன்றும் தேவையில்லை. லான்ட்ஸ்டைனரும் லெவினும் 1927-ல் கண்ட எம்-என் இரத்த வகை அத்தகையது. அதில் கலப்பினரையும் சோதனையால் தனியே பிரித்தறியலாம்.

இனி இந்நூறு பேரைப் போன்ற ஒரு பெருங்கூட்டத்தில் மணவினை இக்குணத்தைக் கருதாது நிகழ்வதாக எண்ணுவோம். பிறக்கும் குழந்தைக்கு அ, க என்னும் காரணிகள் ஒரு பெரிய பானையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவைபோல் வந்து சேரும். தந்தை வழியாக அ வருவதற்கு 0.6, தாய் வழியாக வருவதற்கும் 0.6, இரண்டும் கூடுவதற்கு 0.6 × 0.6 = 0.36. கக ஆவதற்கு 0.4 × 0.4 = 0.16. கலப்பு இருவழியாலும் நேரக்கூடுமாதலால் 2 × 0.6 × 0.4 = 0.48. ஆகவே 50, 20, 30 என்றிருந்த கூட்டம் ஒரே தலைமுறையில் 36, 48, 16 என்று மாறிவிட்டது. இனிமேல் என்னாகும்? மறுபடியும் எண்ணிப் பாருங்கள். 0.36-ம் 0.48-ல் பாதியான 0.24-ம் சேர்ந்து அதே 0.60. ஆகவே அடுத்த தலைமுறையும் 36, 48, 16. அதற்கடுத்ததும் அதுவே. ஓங்குவது பெருகுவதுமில்லை; ஒடுங்குவது மறைவதுமில்லை. கூட்டம் இந்நிலையை எய்திவிட்டதா என்று பார்க்க ஹார்டி தந்த சோதனை, நடு எண்ணிற் பாதியைத் தன்னாற் பெருக்கினால் இருபுற எண்களின் பெருக்குத்தொகை வரவேண்டும் என்பது. 24 × 24 = 576; 36 × 16 = 576. முதற் கூட்டத்தில் 10 × 10 = 100; 50 × 30 = 1500. ஆதலின் அது நிலைபெறாத கூட்டம்.

யூலின் மூன்றுக்கொன்று எங்கிருந்து வந்தது? இரண்டு காரணிகளும் சரிபாதியாக இருக்கும்போது மட்டும் விளையும் எண் அது. அ 0.5, க 0.5 ஆயின், கால், அரை, கால் என்று வரும்; ஓங்கிய குணம் முக்காலுக்கு ஒடுங்கியது கால். மெண்டல் தம் தோட்டத்தில் இருவகைத் தூய செடிகளைக் கலந்தபோது, காரணிகளைத் தம் கையாலேயே சரிபாதி ஆக்கிவிட்டார். நாட்டு மக்களிடத்தில் அவ்வாறு செய்தவர் ஒருவருமிலர். குறுவிரலுடைய தூயர் ஒருவருக்கு நல்விரலுடையோர் பதினாயிரம் பேர் என்று தொடங்கினால், அடுத்த தலைமுறையில் குறுவிரலுடையோர் ஏறக்குறைய பதினாயிரத்துக்கு இருவர் ஆவர். அதன்பின் அவர்கள் கூடுவதற்கு எவ்வித ஏதுவுமில்லை என்று ஹார்டி கணக்கிட்டுக் காட்டினார்.

இதனை அவர் ஒரு கடிதமாக எழுதி அமெரிக்காவில் வெளிவரும் ஸயன்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார். 1908-ம் வருஷம் ஜூலை மாதம் 10-ந் தேதி அது வெளியாயிற்று. பத்திரிகையில் இரண்டு பக்கத்தை அது நிரப்பவில்லை. தமக்குச் சிறிதும் தேர்ச்சியில்லாத துறையிற் புகுந்து பேச நேர்ந்தமைக்குக் கூசுவதாகவும், தாம் சொல்லப்போகும் எளிய செய்தியை ஜீவநூலார் முன்பே அறிந்திருப்பர் என்று எதிர்பார்த்ததாகவும் தொடக்கத்திலேயே குறிப்பிடுகின்றார். இது பணிவா, அல்லது பெருக்கல் வாய்பாட்டளவான கணக்கில் தம் பெயர் காணப்படுவதில் அவருக்கிருந்த நாணமா என்று ஐயுறுவதுண்டு. இரண்டும் கலந்ததே என்பது நம் கருத்து. பன்னெட்டோ மகிழ்ந்து, இது ஹார்டி விதி என்றே வழங்கும் என்று வாக்களித்தார்.

அவ்வாக்குப் பாதியே நிறைவேறியது. ஜெர்மனி தேசத்து ஸ்டுட்கார்ட் நகரில் வில்ஹெல்ம் வைன்பெர்க் என்னும் வைத்தியர் ஒருவர் இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் செய்தவர். மூவாயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தவர். அந்த ஓயாத வேலைக்கிடையே இரட்டைப் பிள்ளைகளைப் பற்றியும் பரம்பரை பற்றியும் கணக்குகள் எழுதிவந்தார். ஹார்டியின் கடிதம் வெளியாவதற்குச் சில மாதம் முன்னரே, 1908-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி, தம் ஊர்ச் சபையில் இதே விதியை எடுத்துரைத்தார். அப்பேச்சு அவ்வூர்ச் சபையின் இதழில் ஜெர்மன் பாஷையில் அச்சாகி, அங்கேயே உறங்கிற்று. 1943-ல் கர்ட் ஸ்டெர்ன் என்னும் அறிஞர் அதை எடுத்துக்காட்டிய பின்னரே இருவர் பெயரும் இணைக்கப்பட்டன. வைன்பெர்க் 1937-லேயே காலஞ்சென்றுவிட்டார். பெரிய இடத்தில் அச்சேறுவதற்கும் சிறிய இடத்தில் அச்சேறுவதற்கும் உள்ள தூரம் முப்பத்தைந்து வருஷம்!

இனி ஹார்டியின் வாழ்விற்குத் திரும்புவோம். 1911 முதல் லிட்டில்வுட் என்பாரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைகள் ஏறக்குறைய நூறு. கணித உலகில் அத்தகைய கூட்டுறவு அதற்குமுன் இருந்ததில்லை என்பர். 1913-ம் வருஷம் ஜனவரியில் இராமாநுஜனின் கடிதம் வந்தது. 1914 ஏப்ரலில் இராமாநுஜனே வந்தார். அவ்வரலாறு நம்மவருக்கு மனப்பாடமாதலின் விரிக்கவில்லை. ஒன்று மட்டும் நம் மனத்திற் படுகின்றது. பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர் அந்நியத் துறையிலிருந்தோ அந்நிய தேசத்திலிருந்தோ கடிதம் எழுதினால், எழுதினவர் யார் என்று பாராமல் எழுதியது மெய்யா என்று மட்டும் பார்க்கும் வழக்கம் ஹார்டியிடம் ஊறியிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் தாமே அந்நியராகப் பிறர் துறையின் கதவைத் தட்டினவர் அல்லரோ அவர்! இராமாநுஜன் 1918-ல் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகி, 1920-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி தம் 32-வது வயதில் மறைந்தார். அவருடன் பழகியதே தம் வாழ்வின் காதல் நிறைந்த ஒரே நிகழ்ச்சி என்று ஹார்டி கருதினார்.

முதல் உலக யுத்தம் டிரினிடியில் அவர் நெஞ்சைப் புண்படுத்தியது. யுத்தத்தை எதிர்த்த பெர்ட்ரண்டு ரஸ்ஸலைக் கல்லூரி 1916-ல் விலக்கியது. ஹார்டி ரஸ்ஸலின் பக்கம் நின்றார். 1919-ல் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று, 1931-ல் கேம்பிரிட்ஜுக்கு மீண்டார். கண்ணாடியில் தம் முகத்தைப் பாரார். பிரயாணத்தில் தங்கும் விடுதிகளில் நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடிவிடுவார். தெய்வ நம்பிக்கை அற்றவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வார். கிரிக்கெட்டில் மட்டும் அவருக்கு இருந்தது பக்தி என்றே சொல்ல வேண்டும்.

1940-ல் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒரு சிறு நூல் எழுதினார். தாம் கண்டவற்றுள் எதுவும் நேராகவோ சுற்றுவழியாகவோ உலகுக்கு நன்மையோ தீமையோ செய்ததில்லை, செய்யப்போவதுமில்லை என்பது அதில் அவர் சாதித்த ஒரு பெருமை. யுத்தக் கருவிகளுக்குக் கணிதம் கைகொடுத்த காலத்தில் அவ்வாறு சொன்னவரின் உள்ளத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் அவர் சொன்னது உண்மையன்று. பெருக்கல் வாய்பாட்டளவு என்று அவர் கருதிய அந்தக் கடிதமே அதற்குச் சாட்சி.

கலப்பினரைக் கண்ணாற் காண இயலாத ஒடுங்கு நோய்களில் எண்ணிப் பார்க்கும் வழி அடைபட்டுவிடுகின்றது. அங்கே ஹார்டியின் விதியே துணை. நார்வே தேசத்து வைத்தியர் ஃபோலிங் என்பவர் 1934-ல் ஒரு நோயைக் கண்டார். உணவிலுள்ள ஒரு சத்தைச் செரிக்க இயலாமையால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும் நோய் அது. பினைல்கீட்டோன்யூரியா என்று பெயர். ஐரோப்பியரிடம் ஏறக்குறைய பதினாயிரம் பிறப்புக்கு ஒன்று காணப்படுவது. பதினாயிரத்தில் ஒன்றின் வர்க்கமூலம் நூற்றில் ஒன்று. அதுவே அந்நோய்க் காரணியின் விகிதம். மற்றக் காரணி நூற்றில் தொண்ணூற்றொன்பது. கலப்பினர் 2 × 0.01 × 0.99, அதாவது பதினாயிரம் பேரில் 198. ஒருவர் நோயாளி, ஒரு குறையும் வெளிக்குத் தெரியாமல் அக்காரணியைச் சுமப்பவர் 198 பேர்!

இவ்வெண்ணின் பொருளை உலகம் உணர்ந்திருக்க வேண்டிய காலமொன்று இருந்தது. மனவளர்ச்சி குன்றியோரும் பரம்பரை நோயாளரும் பிள்ளை பெறாதபடி சஸ்திர சிகிச்சை செய்துவிட்டால் அக்குறைகள் ஒழிந்துபோம் என்னும் கொள்கை பரவி, அமெரிக்காவில் இந்தியானா மாகாணம் 1907-லும், ஜெர்மனி 1933-லும் அதற்குச் சட்டம் இயற்றின. ஜெர்மனியில் மட்டும் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் அக்கொடுமைக்கு ஆளாயினர். மேற்சொன்ன நோயாளர் அனைவரையும் ஒவ்வொரு தலைமுறையிலும் தடுத்துவிட்டதாகவே கொள்வோம். நூற்றில் ஒன்றாயிருந்த காரணி அடுத்த தலைமுறையில் நூற்றொன்றில் ஒன்றாகும். அதற்கடுத்து நூற்றிரண்டில் ஒன்றாகும். பாதியாகக் குறைவதற்கு நூறு தலைமுறை வேண்டும். தலைமுறை ஒன்றுக்கு இருபத்தைந்து வருஷமாயின் இரண்டாயிரத்தைந்நூறு வருஷம்! இத்தகைய கணக்கைப் பன்னெட் 1917-லேயே வெளியிட்டிருந்தார். கணக்குக் கையிலிருந்தும் கத்தி ஓயவில்லை. சட்டத்தை ஆதரித்தோருள் இக்கணக்கை நன்கறிந்த அறிஞரும் இருந்தனர் என்பது வெட்கத்தோடு சொல்ல வேண்டியது. அந்நோய்க்கோ 1950-களில் உணவு முறையே மருந்தாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறந்த சில நாளில் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்து உணவைத் திருத்தினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப்போல் வளரும்.

ஜெர்மானியச் சட்டம் வந்த மறுவருஷமே ஹார்டி இன்னொரு சிறு கடிதம் எழுதினார். பெர்லின் பேராசிரியர் பீபர்பாக் என்பவர், கணிதம் செய்யும் முறையும் அவரவர் இரத்தத்தைப் பொறுத்தது என்றும், யூதரின் கணிதம் ஜெர்மானியருக்கு ஒவ்வாதது என்றும் பேசினார். அதனை மறுத்து ஹார்டி 1934-ல் நேச்சர் பத்திரிகையில் எழுதினார். ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட கணித அறிஞர் பலருக்கு இங்கிலாந்தில் இடந்தேடிக் கொடுப்பதிலும் முன்னின்றார். பரம்பரை நூலில் சிரத்தையில்லாதவர்தாம். பரம்பரையின் பெயரால் நடந்த அநியாயத்தில் அவர் சிரத்தையற்றிருக்கவில்லை.

விதியைக் கையாளும் மாணவருக்கு ஒரு வார்த்தை. வர்க்கமூலம் எடுக்கும் வழி சுலபமாயிருப்பதால், எண்ணக்கூடிய இடத்திலும் அதனையே எடுத்துவிடுவோர் உளர். நம் முதற் கூட்டத்தில் கக 0.30. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.55; எண்ணிக் கண்ட மெய்யான விகிதமோ 0.4. அஅ 0.50-க்கு வர்க்கமூலம் 0.71. இரண்டையும் கூட்டினால் ஒன்றைத் தாண்டி 1.26 ஆகின்றது. எண்ணிப் பெறும் விகிதம் எந்தக் கூட்டத்துக்கும் மெய். வர்க்கமூலத்தாற் பெறுவது நிலைபெற்ற கூட்டத்துக்கு மட்டுமே மெய். நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952-ல் லேமனும் கட்புஷும் கண்டறிந்த அரிவாள் வடிவ இரத்த அணுக் குறையில் மூவகையினரையும் சோதனையாற் பிரிக்கலாமாதலின், அங்கே எண்ணுவதே முறை.

மணவினை குணத்தைக் கருதாது நிகழ்வது என்ற நிபந்தனை நம் நாட்டில் முற்றும் பொருந்துவதுமன்று. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. இவ்வழக்கம் தன்னளவில் காரணிகளின் விகிதத்தை மாற்றுவதில்லை. ஆனால் ஒரே மூதாதையின் காரணி இருவழியாகவும் வந்து ஒரு குழந்தையிடம் சேர்வதை மிகுவிக்கின்றது. காரணி நூற்றில் ஒன்றாயின், உறவற்றோர் பெறும் பிள்ளைகளில் பதினாயிரத்துக்கு ஒன்று. மாமன் மகளை மணந்தோரின் பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு. அக்காள் மகளை மணந்தோரின் பிள்ளைகளில் ஏறக்குறைய பதின்மூன்று. இவ்வெண்களைக் கண்டு எவரும் தம் பெற்றோரைக் குறைகூற வேண்டுவதில்லை. பதினாயிரத்தில் மீதி எத்தனை என்றும் பார்க்க வேண்டும். ஆயினும் மணப்பேச்சு நடக்கும் வீடுகளில் சொல்லத்தக்க கணக்கே இது.

1939-ல் ஹார்டியை இருதய நோய் பற்றியது. அதன்பின் டென்னிஸ் ஆட்டமும் நடையும் நின்றன. 1942-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். புதிய கணிதம் தோன்றாதது அவருக்கு உடல் நோயினும் கொடிதாயிருந்தது. கடைசி வருஷங்களில் மனச்சோர்வு மிகுந்தது. தங்கை கெர்ட்ரூட் கேம்பிரிட்ஜுக்கு வந்து அருகிருந்து பார்த்துக்கொண்டாள். ராயல் சங்கம் தன் மிக உயர்ந்த பரிசாகிய காப்லி பதக்கத்தை 1947-ல் அவருக்கு அளிக்கத் தீர்மானித்தது. அக்கடைசி வாரத்தில் ஒவ்வொரு மாலையும் தங்கை அவர் படுக்கையருகே அமர்ந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிரிக்கெட் சரித்திரத்திலிருந்து ஓர் அத்தியாயம் படித்துக் காட்டிவிட்டுச் செல்வாள். அவ்வாறு ஓர் அத்தியாயத்தைக் கேட்டு உறங்கியவர் 1947-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி விடியற்காலையில் உயிர் நீத்தார். பதக்கம் வழங்குவதற்குக் குறித்திருந்த நாளும் அதுவே.